பள்ளியின் தரத்தை அளப்பது எப்படி?

(சரவணம்பட்டியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, பண்ணைக்குட்டை ஆகியவை பற்றியே நம்மிடம் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று நாம் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். பள்ளியை நடத்துவது கல்வித் துறையாயிற்றே என்றும் கேட்கலாம். ஆனால், ஓர் ஊரின் வளர்ச்சியைக் கணக்கிடும்போது கட்டிய தொட்டிகளையும் போட்ட சாலைகளையும் எண்ணுகிற நாம், அவ்வூர்ப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள் என்று எண்ணுவதில்லை. அக்குறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சத்தியமங்கலம் சாலையில் உள்ள இச்சரவணம்பட்டி, ஒரு காலத்தில் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருந்த ஊர் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் கோவை மாநகராட்சியுடன் இணைந்தது. இன்று இங்கே கல்லூரிகளும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் நிறைந்துள்ளன. காலை வேளையில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் கீரணத்தம், வெள்ளானைப்பட்டி, கொண்டையம்பாளையம் வரை சென்று பிள்ளைகளை ஏற்றி வருகின்றன. ஆகவே, எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. அதற்கு விடை தேடிப் பெரும்பாலோர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். வாயிலில் கட்டியிருக்கும் தேர்ச்சி விழுக்காட்டுப் பலகை.

கண்ணபுரம் சந்தையிலோ அந்தியூர்ச் சந்தையிலோ மாடு வாங்கச் செல்கிற உழவர், கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்தா விலை பேசுகிறார்? பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடத்திப் பார்க்கிறார். கிணற்றின் ஊற்றை ஐப்பசி மழையில் எவரும் அளப்பதில்லை. சித்திரை வெயிலில் அளக்கிறோம். பிள்ளையின் பள்ளியை மட்டும் பலகையைக் கொண்டு அளந்துவிடுகிறோம்.

இத்தவற்றை நாமே செய்திருக்கிறோம். முன்பு நாம் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில், பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிய ஒரு பள்ளியின் விழாவுக்கு அழைக்கப்பட்டோம். மனமாரப் பாராட்டிப் பேசிக் கேடயமும் வழங்கினோம். சில மாதங்கள் கழித்துச் சாலைப் பணியைப் பார்வையிடச் சென்றபோது, ஜல்லிக் கூடை சுமந்து நின்ற ஒரு சிறுவனைக் கண்டு, பள்ளிக்குப் போகவில்லையா என்று கேட்டோம். "ஒம்பதாவதோட டீசி குடுத்துட்டாங்கங்க. நான் எழுதுனா நூறு கெட்டுப்போயிருமாமுங்க" என்றான். நாம் கைதட்டிய நூற்றில் அவன் இல்லை. அவனைப் போல் வேறு சிலரும் அவ்வாண்டு அனுப்பப்பட்டிருந்தனர் என்று விசாரித்தபின் தெரிந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. இழந்த ஆண்டை மீட்டுத் தர முடியவில்லை.

விதைப்புக் கணக்கு உங்களுக்குத் தெரியாததன்று. நூறு குழியில் விதை ஊன்றி, எழுபது செடிதான் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த எழுபதும் காய்த்ததால் நூற்றுக்கு நூறு விளைச்சல் என்று எந்த உழவராவது சொல்வாரா? பள்ளிக்கும் இதே கணக்குதான். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் இருந்து, பத்தாம் வகுப்புத் தேர்வை 42 பேர் மட்டும் எழுதி, 42 பேரும் தேறினால் பலகையில் 100 என்று இருக்கும். மற்றொரு பள்ளியில் 60 பேர் இருந்து, 60 பேரும் எழுதி, 54 பேர் தேறினால் பலகையில் 90 என்று இருக்கும். விதைப்பிலிருந்து எண்ணினால் முதற்பள்ளி 70, இரண்டாம் பள்ளி 90. வேறூர்ப் பள்ளிக்கு மாறிச் சென்றவர்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்பது உண்மையே. அப்படிக் கழிக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே சென்றது என்று விசாரிக்கிறோம் அல்லவா? அவ்விசாரணைதான் பள்ளிக்கு வைக்கும் உண்மையான தேர்வு.

அரசும் இந்த எண் மோகத்தைக் கண்டு சில நடவடிக்கைகள் எடுத்தது. 2017-ஆம் ஆண்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு மனப்பாடம் செய்விக்கும் போக்குப் பல தனியார் பள்ளிகளில் பரவியிருந்ததால், 2018-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்கப்பட்டது. பின்னர் 2025-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. ஆணைகள் வரலாம், மாறலாம். பெற்றோரின் பார்வை மாறாதவரை பலகை ஆட்சி ஓயாது.

ஒன்பதாம் வகுப்பை நாம் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே காவலாக உள்ளது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அக்காவலைத் தாண்டும் வயதில் நிற்கிறது. பஞ்சாலையும் பட்டறையும் அழைக்கும் வயது அது. பெண்ணாயின் கல்யாணப் பேச்சு எழும் வயதும் அதுவே. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் நம் கோவையிலேயே தொடங்கப்பெற்றது. ஒன்பதாம் வகுப்பில் வெளியேறிய பிள்ளைக்கு இவற்றுள் எதுவும் எட்டாது.

இனி, பள்ளிக்குள் சென்றால் எவற்றைப் பார்க்க வேண்டும்? பெரும் படிப்பு வேண்டுவதில்லை. எட்டாம் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையிடம் அன்றைய செய்தித்தாளைக் கொடுத்து ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்கள். முதல் வரிசைப் பிள்ளை எப்பள்ளியிலும் படிக்கும். பள்ளியின் தரம் கடைசி வரிசையில்தான் தெரியும். ஆய்வுக்கூடத்தில் குடுவைகள் தூசி படிந்துள்ளனவா, கைபட்டுத் தேய்ந்துள்ளனவா என்று பாருங்கள். நூலகப் பதிவேட்டில் சென்ற மாதம் எத்தனை நூல்கள் வெளியே சென்றன என்று கேளுங்கள். கணக்கிற்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் உண்டா, இடம் காலியாக இருந்தால் எத்தனை மாதமாக என்று கேளுங்கள். மாணவியர் கழிப்பறையில் நண்பகலில் தண்ணீர் வருகிறதா என்று தாய்மார்கள் சென்று பாருங்கள்; அங்கே தண்ணீர் இல்லையென்றால் வருகைப் பதிவேட்டில் அதன் விளைவு தெரியும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கும் பள்ளியையும், வாயிலுக்கு வந்த பிள்ளை அனைத்தையும் ஏற்கும் அரசுப் பள்ளியையும் ஒரே தராசில் வைத்தல் நீதியாகாது. வீட்டில் எழுத்தறிந்தவர் எவரும் இல்லாத பிள்ளையும், வேலை தேடி வடநாட்டிலிருந்து வந்தவரின் பிள்ளையும் அரசுப் பள்ளியில்தான் அமர்கின்றன. நல்ல மண்ணில் விளைவிப்பது எளிது. கரட்டு மண்ணைத் திருத்தி விளைவிப்பவனே உழவன்.

குறை காண்பதோடு நம் கடமை முடிவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2022-இல் நம் மாநிலத்தில் இக்குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் அளிக்கப்பட்டது. கையொப்பம் இட மட்டும் செல்லாதீர்கள். ஒன்பதிலும் பத்திலும் நின்ற பிள்ளைகளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அவ்வீடுகளுக்கு நேரே செல்லுங்கள். தலைமையாசிரியர் உண்மைக் கணக்கைச் சொன்னால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நூறு காட்டாத பள்ளியை நாம் இகழ்வதால்தானே, பிள்ளையை வெளியேற்றி நூறு காட்டும் ஆசை பிறக்கிறது?

1950-களின் பிற்பகுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. தம் பள்ளிக்கு என்ன குறை என்று மக்களே கணக்கெடுத்தார்கள். பலகையும் பெஞ்சும் கடிகாரமும் தேசப்படமும் தாமே வாங்கித் தந்தார்கள். அரசாங்கப் பள்ளி என்று சொல்லாமல் எங்கள் பள்ளி என்று சொன்னார்கள். அன்று இல்லாத கட்டடமும் கணினியும் இன்று உள்ளன. அன்று இருந்த அந்தச் சொல் இன்றும் நமக்கு வேண்டும்.

இனி எந்த விழாவில் கேடயம் வழங்க அழைத்தாலும், முதலில் ஒன்பதாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலைக் கேட்பது என்று நாம் உறுதி செய்துகொண்டுள்ளோம். நீங்களும் அவ்வாறே கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.