வெயிலை வெளியே நிறுத்துவது



கட்டடங்களில் ஆற்றல் சிக்கனம் என்றதும் மாநாடுகள்தாம் நினைவுக்கு வரும். 2015-இல் பாரிஸில் கட்டடங்களுக்கென ஓர் உலகக் கூட்டணி தொடங்கப்பட்டது. 2024 மார்ச்சில் அதே நகரில் சுமார் 70 நாடுகள் ஒரு பிரகடனத்தை ஏற்றன. நல்லதுதான். ஆனால் இன்று நான் பேச விரும்புவது இரண்டே நாடுகள் சேர்ந்து, அதிக ஆரவாரமில்லாமல் செய்த ஒரு வேலையைப் பற்றி.

2011-இல் இந்திய மின்துறை அமைச்சகமும் சுவிட்சர்லாந்து வெளியுறவுத் துறையும் கட்டட ஆற்றல் திறனுக்காக ஓர் ஒப்பந்தம் செய்தன. பனி நாட்டாருக்கு நம் வெயிலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கத் தோன்றும். சுவர் வழியே எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்று கணக்கிட அவர்களுக்குத் தெரியும். வெப்பம் எந்தப் பக்கம் போனாலும் கணக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் தெரியும். அங்கே ஜன்னல் மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே மாட்டுவார்கள். நாம் உள்ளே திரைச்சீலை போடுகிறோம். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கும். அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். அதை வெளியேற்ற ஏசி ஓடும். இந்தக் கூட்டுத் திட்டத்தில், நம் நாட்டுக்கேற்ற வெளிப்புற நகரும் மறைப்புகளை உருவாக்கும் பணியும் நடந்தது. தாழ்வாரத்தின் வெளியோரத்தில் மூங்கில் தட்டி கட்டி, கோடையில் வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளித்த ஊர் நம்முடையது. அதை விட்டுவிட்டுக் கண்ணாடி முகப்புக்கு மாறியது யாருடைய யோசனையோ!

இதைவிட முக்கியம் என்று நான் கருதுவது அவர்கள் வேலை செய்த முறை. வரைபடம் முடிவாகும் முன்பே கட்டடக் கலைஞர், பொறியாளர், இரு நாட்டு நிபுணர்கள் எல்லோரும் சில நாள்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ராஜ்கோட்டில் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ் 1,176 வீடுகள் அப்படித் திட்டமிடப்பட்டன. ஏசி வாங்க வசதியில்லாதவர்களின் வீடுகள் அவை. அதனால் பேச்சு முழுவதும் சுவர், ஜன்னல், காற்றோட்டம் பற்றித்தான். குழாய்களுக்காக விடும் இடைவெளியைக்கூடக் காற்று இழுக்கும் வழியாக்கப் பார்த்தார்கள்.

அந்த அனுபவத்தின் துணையோடு 2018-இல் குடியிருப்புகளுக்கான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு வந்தது. குளிர்ப் பகுதிகள் நீங்கலாக, வெளிச்சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்றது அது. கூரைக்குத் தனி வரம்பு. ஒரு சாதாரணப் பொறியாளரும் கணக்கிட்டுவிடக்கூடிய எண் என்பதுதான் இதன் பலம்.

ஆனால் ஒப்பந்தம் போடுவது தில்லி; கட்டட அனுமதி தருவது உள்ளாட்சி. 2022-இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, பெரிய குடியிருப்புகளும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. இனி வேலை மாநிலங்களுடையது. கட்டடக்கலை மாணவர்களே, நீங்கள் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு வரைபடத்தோடும் அந்த வெப்ப எண்ணையும் கணக்கிட்டு இணையுங்கள். அடுக்ககத்தில் வீடு வாங்கப் போகிறவர்களே, சதுர அடி விலையைக் கேட்கும்போதே அதையும் கேளுங்கள்.