சாய்ந்து ஓடும் எழுத்துகள்



ஓட்டப் பந்தய வீரர்களைக் கவனித்துப் பாருங்கள். துப்பாக்கி வெடித்த மறுகணம் அவர்களின் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. நிமிர்ந்திருப்பவர் நிற்கிறார், சாய்ந்திருப்பவர் ஓடுகிறார் என்று நம் கண் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. காலணிப் பெட்டியிலும் பந்தயக் காரிலும் விளையாட்டுப் பக்கத்தின் தலைப்பிலும் எழுத்துகள் தடித்து, வலப்பக்கம் சாய்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சாய்ந்த எழுத்து வேகத்திற்காகப் பிறந்ததல்ல. 1501-ஆம் ஆண்டு வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனுசியஸ், கவிஞர் வெர்ஜிலின் படைப்புகளைக் கையடக்க நூலாக வெளியிட்டார். அதற்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் அக்காலக் கற்றோரின் கையெழுத்தைப் பார்த்துச் சாய்வெழுத்துகளைச் செதுக்கிக் கொடுத்தார். அந்த நூலில் சிறிய எழுத்துகள் மட்டுமே சாய்ந்தன; பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. அன்று சாய்வு என்றால் கையெழுத்து என்றே பொருள்.

சாய்வில் வேகத்தைக் காணும் பழக்கம் மோட்டார் வாகன யுகத்தில் வலுத்தது. 1910-களின் தொடக்கத்தில், பிரான்சில் நடந்த கார் பந்தயம் ஒன்றை ஜாக் ஆன்ரி லார்த்திக் என்ற இளைஞர் படம் பிடித்தார். அவருடைய கேமராவின் திரை ஒரு மெல்லிய பிளவாக நகர்ந்து, காட்சியின் ஒரு பகுதியை முதலிலும் மற்றதைச் சற்றுப் பின்னரும் பதிவு செய்தது. அந்த நொடிப் பொழுதில் கார் முன்னேறிவிட்டதால், சக்கரம் முன்பக்கம் சாய்ந்த முட்டையாகப் படத்தில் விழுந்தது. கேமராவையும் அவர் காரோடு திருப்பியதால், வேடிக்கை பார்த்தவர்கள் பின்பக்கம் சாய்ந்து தெரிந்தார்கள். கருவியின் குறையாக இருக்க வேண்டிய அந்தச் சாய்வே படத்திற்கு உயிர் கொடுத்தது.

வணிகச் சின்னங்களும் இந்த வழியையே பிடித்துக்கொண்டன. நைக்கி நிறுவனத்தின் வளைகோட்டுச் சின்னத்தை 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார். அதன்மேல் எழுதப்பட்ட பெயர் முதலில் கையெழுத்துப் பாணியில் இருந்தது. பின்னர் அது தடித்த, சாய்ந்த பெரிய எழுத்துகளாக மாறியது. அந்த எழுத்தின் மூலம், ஜெர்மானியர் பால் ரென்னர் 1927-இல் வெளியிட்ட ஃபியூச்சுரா. வட்டத்தையும் நேர்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டு அமைதியாக நின்ற ஓர் எழுத்துரு, தடித்துச் சாய்ந்ததும் ஓடத் தொடங்கிவிட்டது.

செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை நடந்த ஃபார்முலா ஒன் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் பழைய சின்னம் நினைவிருக்கும். இடப்பக்கத்தில், சாய்ந்த கறுப்பு 'எஃப்', வலப்பக்கம் சிவப்புக் கீற்றுகள். இரண்டுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளிதான் '1' என்ற எண். பல ஆண்டுகள் பார்த்தும் அந்த ஒன்றைக் காணாதவர்கள் உண்டு. எழுத்தைப் போலவே எழுத்துக்கு இடையிலுள்ள வெற்றிடமும் வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த வெற்றிடத்தில்தான் தமிழுக்குச் சிக்கல் வருகிறது. கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் எழுத்து சாய்ந்துவிடும். ஆனால் அது வரைந்த சாய்வாகாது. ஒரு வட்டத்தை அப்படித் தள்ளினால் அதன் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். தேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துவார். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நேர்கோடுகள் அதிகம் என்பதால் சேதம் குறைவாகத் தெரிகிறது. தமிழிலோ சுழிகளும் கொம்புகளும் நிறைந்துள்ளன. தடிப்பு கூடக் கூடச் சுழியின் உள்ளிடம் அடைபடும். இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் தூரத்திலிருந்து ஒன்றாகிவிடும். 'மன்' எது, 'மண்' எது என்று படிப்பவர் தடுமாறுவார். மேல்விலங்கு அடுத்த எழுத்தின் தலையில் போய் இடிக்கும்.

இது அழகு பற்றிய பேச்சு மட்டுமல்ல. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. விளையாட்டுப் போட்டி நாளில் பதாகை கட்டுகிறார்கள், இல்லச் சட்டைகளில் பெயர் பதிக்கிறார்கள். அங்கே ஆங்கிலப் பெயர் மிடுக்காகச் சாய்ந்தோட, பக்கத்தில் தமிழ்ப் பெயர் நசுங்கிக் கிடந்தால், அதை அணிந்து ஓடும் பத்து வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? வேகத்திற்கும் நவீனத்திற்கும் தன் மொழி ஒத்துவராது என்றுதானே எண்ணும்? குறை மொழியில் இல்லை, அவசர வேலையில் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

செய்ய வேண்டியவை எளியவை. சுழிகள் திறந்திருக்கும் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்திற்குக் கொடுக்கும் சாய்வை அப்படியே கொடுக்காமல், தமிழுக்குச் சற்றுக் குறைத்துக் கொடுக்கலாம். அச்சிடுவதற்கு முன் ஒரு தாளில் எடுத்து, சுவரில் ஒட்டி, இருபது அடி தள்ளி நின்று படித்துப் பார்க்க வேண்டும். சொல் தெளியவில்லையென்றால் நிமிர்த்தியே விடலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. அடிடாஸ் நிறுவனத்தின் பெயர் நிமிர்ந்த சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது. அதனால் அதன் காலணியை அணிந்தவர் யாரும் மெதுவாக ஓடிவிடவில்லை.

அடுத்த முறை பள்ளிக்கோ மன்றத்திற்கோ சட்டை அடிக்கக் கொடுக்கும்போது, துணியின் விலையைக் கேட்பதோடு எழுத்தின் மாதிரியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.