முப்பது மாத்திரைக்கு ஒரு திங்கட்கிழமை

டாக்டரைப் பார்ப்பதற்கு நேரம் கிடைக்காமல் ஜனங்கள் படுகிற பாட்டைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்னென்ன பேசலாம் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்கள்: பேர் பதிவது, காத்திருப்பது, பரிசோதனை, மருந்து, மறுபடி போவது. ஐந்துக்கும் சேர்த்து 12 நிமிடம். நான் 1993 முதல் 2023 வரை அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்தாளுநராக இருந்தவள். நாலாவது விஷயத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மற்றதையெல்லாம் ஓட்டிவிடுவேன் என்று நிலையத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேர் பதிகிற கஷ்டம் எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. போன வருஷம் முழங்கால் வலி. எங்கள் ஊரில் சாயங்காலம் மட்டும் பார்க்கிற எலும்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார். காலை 8 மணிக்கு ஃபோன் செய்து பேர் கொடுக்க வேண்டும். 8 மணியிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. "உங்க நம்பர் 41-ம்மா. ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றது ஒரு பெண் குரல். கால் மணி நேரத்தில் 40 பேரா என்று கேட்டேன். "பாதிப் பேர் விடியக்காலமே நேர்ல வந்து எழுதிட்டுப் போயிடறாங்கம்மா."

ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் வந்தபோது ஏழே முக்கால். என்னைக் கூப்பிட்டபோது பத்தேகால். உள்ளே இருந்தது மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட இருக்கலாம். கேட்க வேண்டும் என்று நாலு கேள்வி வைத்திருந்தேன். ஒன்றுதான் வாயில் வந்தது. மற்ற மூன்றும் வாசலில் செருப்பு மாட்டும்போது வரிசையாக ஞாபகம் வந்தன.

அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 41 பேரையும் ஆளுக்குப் பத்து நிமிஷம் பார்த்தால் அவர் வீட்டுக்குப் போக ராத்திரி இரண்டரை மணி ஆகும். உலகத்தில் பல நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல். பங்களாதேஷில் 48 விநாடி. நம் நாட்டுக்கு ஏறத்தாழ 2 நிமிஷம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எனக்குக் கிடைத்தது பெரிய விருந்து.

காத்திருப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு என் ஜன்னலுக்குப் போகிறேன். நார்மன் பெய்லி என்று இங்கிலாந்தில் ஒரு புள்ளியியல்காரர். ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளிகள் ஏன் இவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டு 1952-இல் எழுதினார். டாக்டர் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருந்துவிடக் கூடாதே என்று ஆஸ்பத்திரி பயப்படுகிறது, அந்தப் பயத்துக்கு நோயாளி தன் அரை நாளைக் கொடுக்கிறார் என்பதுதான் அவர் கண்டது. ஆரம்பத்தில் இரண்டு பேர் தயாராக இருந்தால் போதும், அதற்கப்புறம் ஒவ்வொருவருக்கும் ஆகிற நேரத்தைக் கணக்கிட்டு ஒவ்வொருவராக வரச் சொல்லலாம் என்றார். எழுதி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊர் டாக்டரிடம் 41 பேருக்கும் ஆறு மணி. யாராவது அந்தப் பெண்ணிடம், "அம்மா, முதல் பத்துப் பேருக்கு ஏழரை, அடுத்த பத்துப் பேருக்கு எட்டேகால்" என்று எழுதிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். ஒரு பைசா செலவில்லை.

சரி, ஜன்னல்.

நான் அதிக வருஷம் இருந்தது காவிரிப் பாசனத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கிற இடத்தில் கம்பி வலை போட்ட ஜன்னல். வலையின் அடியில் பாதி நிலா மாதிரி ஒரு ஓட்டை. உள்ளே டியூப் லைட், வெளியே வெயில். அதனால் வெளியே நிற்கிறவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிவதெல்லாம் அந்த ஓட்டை வழியாக வருகிற கை. சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கை வரும், மாத்திரையை வாங்கிக்கொண்டு போகும், அடுத்த கை வரும். நாற்று நட்டுவிட்டு வந்த கை என்றால் நகக்கண்ணில் சேறு. பாய் நெய்கிறவர்களுடைய விரல் நுனி தோல் உரிந்து இருக்கும். கொத்தனார் கை வெடித்த வயல் மாதிரி. கல்யாணத்துக்குப் போட்ட மருதாணியோடு சின்னப் பெண்கள் கை, இரும்புச்சத்து மாத்திரைக்கு. கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "மருந்துக்காரம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால் எனக்கு ஆள் பிடிபடாது. கையைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன்: "நீங்க சுகர் மாத்திரை, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு." பக்கத்தில் நிற்கிற சம்பந்தி முகம் மாறும். அப்படிச் சொல்லக் கூடாது என்று பிறகு கற்றுக்கொண்டேன்.

அந்தக் கை என் ஜன்னலுக்கு வருவதற்கு முன்னால் மூன்று வரிசையைத் தாண்டியிருக்கும். காலை ஆறு மணிக்கே வாசலில் வரிசை நிற்கும். நிற்பது ஆள் இல்லை. செருப்பு, துணிப்பை, தண்ணி பாட்டில், ஒரு அம்மா தினமும் கொண்டுவந்து வைக்கிற அரைச் செங்கல். இதெல்லாம் இடம் பிடித்து நிற்க, ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். செருப்பைத் தாண்டி யாராவது நின்றுவிட்டால் அன்றைக்கு அங்கே ஒரு சின்னக் கலவரம். ஏழரைக்கு ஓ.பி. சீட்டுப் போட ஆரம்பிப்பார்கள். சீட்டு வரிசை முடிந்தால் டாக்டர் வரிசை. அப்புறம் பிரஷர் பார்க்கவோ ரத்தம் கொடுக்கவோ ஒரு வரிசை. கடைசியில் நான். முதல் மூன்று வரிசையிலும் வாயைத் திறக்காமல் நின்றவர்கள் நாலாவதில் என்னிடம் திறப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் என் ஜன்னலில் விழுகிற வசவில் முக்கால்வாசி வேறு யாருக்கோ போய்ச் சேர வேண்டியது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தந்தது இதைத்தான்: திட்டுக்குப் பதில் சொல்லாதே, சீட்டைப் படி.

கூட்டம் நெரிகிற திங்கட்கிழமைகளில் வருகிற பத்துக் கையில் ஐந்தாறு கை, போன மாதம் வாங்கிய அதே மாத்திரைக்குத்தான் வரும். சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின். அதே அளவு, அதே வேளை. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. 103 டிகிரியில் கொதிக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற தாய்க்கு முன்னாலும் பின்னாலும் இவர்கள்தான் நிற்பார்கள். இவர்களால் அவளுக்குத் தாமதம், அவளால் இவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும்.

ஒரு கொத்தனார். பேர் வேண்டாம். வலது கட்டைவிரலில் நகம் கிடையாது, சுத்தியல் பட்டுப் போனது. அதை வைத்துத்தான் எனக்கு அவரைத் தெரியும். பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு: "அதே மாத்திரைதானேம்மா. நீங்களே குடுத்துட்டா நான் எட்டரைக்கெல்லாம் வேலைக்குப் போயிடுவேன்ல?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: "அண்ணே, இன்னைத் தேதி போட்டு டாக்டர் கையெழுத்து இருந்தாத்தான் நான் குடுக்க முடியும்." விதி அப்படி. அந்த விதியில் நியாயமும் இருக்கிறது. பிரஷர் ஏறியிருக்கிறதா, மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று ஒருவர் பார்க்க வேண்டாமா? ஆனால் அன்றைய கூட்டத்தில் யார் பார்த்தார்கள்? பழைய சீட்டைப் பார்த்துப் புதுச் சீட்டில் எழுதி அனுப்பியதுதான் நடந்தது.

ஒரு தை மாதத்தில் அவர் வரவில்லை. மாசியிலும் வரவில்லை. நெல் விற்ற காசில் ஊரெல்லாம் வீடு எழும்புகிற சமயம். கொத்தனாருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வேறு எங்காவது வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். சித்திரையில் ஒரு திங்கட்கிழமை ஒரு கை வந்தது. வெடித்த தோல், சிமெண்ட் வாடை, சீட்டில் பேரும் அவர் பேர். கட்டைவிரலில் நகம் இருந்தது. ஆள் மாறி வந்திருக்கிறார்களோ என்று குனிந்து பார்த்தேன். அவர்தான். நீட்டியது இடது கை.

"வலது கை என்ன ஆச்சுண்ணே?"

பின்னால் நின்ற அவர் மனைவி சொன்னாள்: "அது எந்திரிக்க மாட்டேங்குதும்மா."

என்னிடம் மாத்திரை இருந்தது. அவரிடம் ஒரு திங்கட்கிழமை இல்லாமல் போயிற்று. இதற்குமேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நேயர்களே. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

மாத்திரையே இல்லாத காலமும் இருந்தது. நான் சேர்ந்த புதிதில் பெரிய டின்னில் உதிரி மாத்திரையாக வரும். எண்ணி, காகிதத்தில் பொட்டலம் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் பொட்டலத்துக்குள்ளேயே கரைந்துவிடும். மாதக் கடைசியில் டின் காலி. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புத்தகம் மாதிரி ஒரு புத்தகம் கொடுத்துவிட்டார்கள். உன் கணக்கில் இவ்வளவு ரூபாய், வேண்டியதை எடுத்துக்கொள். அட்டை அட்டையாக மாத்திரை வந்தது. விற்பனைக்கு அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கும். முதல் அட்டையைக் கத்திரியால் வெட்டிக் கொடுத்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் உங்களுக்குச் சொன்னால் புரியாது. ஒரே ஒரு தொல்லை. டெண்டர் எடுக்கிற கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறிவிடும். "போன மாசம் வெள்ளை குடுத்தீங்க, இது மஞ்சளா இருக்கே" என்று பயந்து சாப்பிடாமல் விட்டவர்கள் உண்டு. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் கூச்சப்படாமல் ஜன்னலிலேயே கேளுங்கள். பேர் ஒன்றா, அளவு ஒன்றா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

ஆக, மாத்திரை வந்து சேர்ந்துவிட்டது, அது போய்ச் சேருகிற வழிதான் பிறகும் நெரிசலாகவே இருந்தது. சுகருக்கும் பிரஷருக்கும் தனி இடம், தனி நர்ஸ், நோயாளி கையில் ஒரு குறிப்பு நோட்டு, ஒரு மாதத்துக்கு 30 மாத்திரை என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அப்புறம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். பிரஷர் கருவியையும் மாத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு அந்தந்த ஊர்ப் பெண்ணே வீட்டுக்கு வந்து பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற ஏற்பாடு. அந்தக் கொத்தனார் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிடப் பெரிய அத்தாட்சி, என் கடைசி வருஷத்துத் திங்கட்கிழமைகள். எனக்குப் பழக்கமான பல கைகள் வரவில்லை. முதலில் பயந்தேன். விசாரித்தால் வீட்டிலேயே வாங்குகிறார்களாம்.

எல்லோருக்கும் கிடைத்துவிட்டதா என்றால் இல்லை. அந்தப் பெண் வருகிற நேரத்தில் வீடு பூட்டிக் கிடந்தால்? வேலைக்காக இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர் என்று இருப்பவர்கள்? ரத்தம், சிறுநீர், கண், கால் இதையெல்லாம் சோதித்துப் பார்க்க எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாக வேண்டும். மாத்திரைதான் வீட்டுக்கு வருகிறதே என்று வருஷக் கணக்கில் டாக்டரையே பார்க்காமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களை நினைத்தால் எனக்கு அந்தப் பழைய விதியின் நியாயம் மறுபடி ஞாபகம் வருகிறது.

பரிசோதனை பற்றியும் பேசச் சொன்னார்கள், நேரம் ஆகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து மூன்று மணி நேரம் நின்று திரும்பிப் போனவர்களை என்னால் எண்ணி மாளாது. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து எடுத்து வாருங்கள். கேட்க வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாருங்கள். இந்தக் கடைசி யோசனை என் முழங்கால் கொடுத்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டில் பிரஷருக்கோ சுகருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், இந்தப் பேச்சு முடிந்ததும் அந்த அட்டையை எடுத்து எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் நாளைக்கே போய்விடுங்கள், கூட்டத்தைப் பார்க்க வேண்டாம். ஏழெட்டு இருந்தால் புதன்கிழமை போங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனிக் கிழமை வைத்திருந்தால் அந்தக் கிழமை. நாளைய வரிசையில் உங்கள் செருப்பு இருக்க வேண்டிய இடத்தில் காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி நின்றுகொள்ளட்டும்.