பழைய வேனில் புது விளக்கு



நம்மில் சில குடும்பங்களுக்குப் பழைய வேன்தான் பிழைப்பு. அதில் கூடுதல் விளக்கு, ஹாரன், ஸ்பீக்கர் என்று மாட்டுகிறோம். மாட்டுவதில் தவறில்லை, மாட்டும் விதத்தில்தான் ஆபத்து.

60 வாட் விளக்கு இரண்டு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் இழுக்கும். பழைய ஹெட்லைட் ஒயரிலேயே அதையும் ஒட்டுப்போட்டால் ஒயரும் சுவிட்சும் சூடேறி உருகும். எனவே பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்கச் சொல்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒரு ரிலே, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஒயர் தகட்டுத் துளையில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் உறை தேய்ந்து ஷார்ட் ஆகும். எர்த் ஒயரை, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்க வேண்டும். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுவோம்.

ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேடுவோம். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காக்கத்தான். அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றினால் அடுத்து எரிவது ஒயர். அந்த வண்டியில்தான் நம் பிள்ளைகளை ஏற்றிப் போகிறோம்.