உலகக் கரப்பந்தாட்டமும் ஆசியரும்



ஆடவர் உலகக் கரப்பந்தாட்டப் போட்டி 1949ஆம் ஆண்டிலே பிராக் நகரில் ஆரம்பமாயிற்று. ஆடிய பத்து அணிகளும் ஐரோப்பிய அணிகளே. சோவியத் அணி வாகை சூடியது. 1952இல் மாஸ்கோவில் நடந்த அடுத்த போட்டியிலே இந்தியாவும் களம் புகுந்தது.

"நெட்டையான பையன்களாகப் பார்த்து அணிக்கு எடுங்கள்" என்று பெரியோர் சிலர் சொல்வதுண்டு. அவர்களோடு இன்று சற்று வழக்காட விரும்புகிறோம். ஜப்பானியரைப் பாருங்கள். மட்சுடைரா என்னும் பயிற்சியாளரின் கீழ் அவர்கள் உயரத்தோடு உயரத்தால் மோதவில்லை. நேரத்தைக் கொண்டு ஏமாற்றினார்கள். ஒருவன் அடிக்கப் போகிறவன்போல் எழும்புவான். அவனை நம்பி எதிரணித் தடுப்பாளனும் எழும்புவான். அவன் கீழே இறங்கும் கணத்தில் வேறொருவன் எழுந்து பந்தை அறைந்துவிடுவான்! இவ்வாறு ஆடியே 1970இல் சோபியாவிலும், 1974இல் மெக்சிக்கோவிலும் உலகப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றார்கள். இடையே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கமே கிடைத்தது. அங்கே அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதலிரு சுற்றுகளையும் இழந்த பின்னரே வென்றார்கள் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

ஆயினும் உலகப் போட்டியிலே அந்த மூன்றாமிடத்துக்கு மேல் எந்த ஆசிய அணியும் ஏறியதில்லை. 2025இல் போட்டி பிலிப்பைன்ஸுக்கே வந்தது; 32 அணிகள் ஆடின. இறுதியில் நின்றவை இத்தாலியும் பல்கேரியாவும், வென்றது இத்தாலி. 1991இல் இவ்வாட்டத்தைத் தேசிய விளையாட்டாக ஏற்ற இலங்கையின் இளைஞராகிய எமக்கு, ஆசியாவின் அந்த வெற்றிடம் உறுத்துகிறது. அடுத்த தெரிவின்போது குட்டைத் தம்பியரையும் வலையருகே ஒருமுறை எழும்ப விட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.