மாடு இழுத்த ரயில்

(நம் பங்கின் பொன்விழா மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா மேடையில் பங்குத் தந்தை வாழ்த்துரை சொல்வது வழக்கம். நான் இன்று ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன். எப்போதும் நீங்கள் சொல்வீர்கள், நான் கேட்பேன். இன்று நான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

பொன்விழாக் கண்காட்சிக்காக உங்கள் வீடுகளில் உள்ள பழைய புகைப்படங்களைக் கேட்டிருந்தோம். ஒரு தகரப் பெட்டி நிறைய வந்தன. திருமணப் படங்கள், புதுநன்மைப் படங்கள், ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய படங்கள். அவற்றோடு ஒரு வித்தியாசமான படமும் வந்தது. நீளமான ஓர் ஓட்டுக் கட்டடம், அதன் முன் இருபது தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் தொப்பி அணிந்த துரை, இடது மூலையில் கொஞ்சம் தண்டவாளம், பின்னால் மலை. மலையும் தண்டவாளமும் இருந்தால் நம் ஊர்தானே? விழாக் குழுவினர் அதைப் பசை தடவி அட்டையில் ஒட்டி, 'பழைய ராஜபாளையம் ரயில் நிலையம்' என்று அழகாக எழுதி மாட்டிவிட்டார்கள். நானும் பார்த்துத் தலையசைத்தேன்.

மறுநாள் அந்தப் படத்தைக் கொடுத்த வீட்டுப் பெரியம்மா கைத்தடியோடு வந்தார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள். "சாமி, இது நம்ம ஊரு டேசன் இல்ல. மூணாறு. எங்க தாத்தா அங்கதான் சின்னப் பையனா இருக்கும்போது ரயிலு ஓட்டுனாரு. முதல்ல மாடு இழுத்த ரயிலு, பெறவுதான் நெருப்பு வண்டி" என்றார்கள்.

கூட வந்த பேரன்மார் சிரித்தார்கள். "பாட்டி, மூணாறுக்கு ஏது ரயிலு? அதுவும் மாடு இழுத்த ரயிலா?" என்றார்கள். நானும் சிரித்துவிட்டேன். இதுதான் என் பாவம்.

பிறகுதான் ஒரு செய்தி என் காதுக்கு வந்தது. அந்தக் குடும்பத்திற்கு அவர்கள் தெருவில் 'மாட்டு ரயில்காரர் வீடு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. புளுகர் வீடு என்பதுதான் அதன் பொருள். அந்தப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து சொன்ன கதையைக் கேட்டு ஊரே சிரித்தது. அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கேட்டு அழுதார்கள். அதனாலேயே இந்தப் படம் ஒருநாளும் சுவர் ஏறாமல் பெட்டிக்குள் கிடந்தது. அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குருமடத்தில் எங்கள் பேராசிரியர்கள் கற்பித்த முதல் பாடம், ஒரு சாட்சியை விசாரிக்காமல் தள்ளக்கூடாது என்பதல்லவா?

எனவே நம் இளைஞர்கள் நால்வரோடு விசாரிக்கத் தொடங்கினேன். எங்கள் சாட்சிகள் மூன்று: படம், நிலம், ஏடு.

முதலில் படத்தைக் கேட்டோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். தண்டவாளத்தின் அகலத்தை அளக்க ஓர் எளிய வழி உண்டு. இன்று நம் ஊர் வழியாகச் செல்லும் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். நம்மில் பலர் சிறுவயதில் பயணம் செய்த மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர், அதாவது இடுப்பு உயரம். படத்தில் இருந்ததோ, பக்கத்தில் நிற்கும் ஆளின் முழங்காலுக்குச் சற்றே மேல். அது இரண்டடிப் பாதை, 610 மில்லிமீட்டர். நம் ஊருக்கு வந்த முதல் பாதையே மீட்டர் கேஜ்தான். அப்போதே நம் அட்டையில் எழுதியிருந்தது பொய்யென்று தெரிந்துவிட்டது.

ஓர் இளைஞர், "சாமி, தனுஷ்கோடியாக இருக்குமோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அழிந்துபோன ரயில் பாதை என்றால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் மக்கள் சென்றார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயல் பாம்பனிலிருந்து சென்ற ரயிலையும் அதில் இருந்தவர்களையும் ஊரையும் கொண்டுபோயிற்று. இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் சுவர்களும், கூரையில்லாத நம் கத்தோலிக்க ஆலயத்தின் சுவர்களும் மணலில் நிற்கின்றன. ஆனால் அந்தப் பாதையும் மீட்டர் கேஜ். அதோடு தனுஷ்கோடியில் மலை ஏது? படத்திலோ கட்டடத்தின் முதுகை ஒட்டியே மலை எழும்புகிறது. நம் ராஜபாளையத்தில் மேற்கு மலை தூரத்தில் அல்லவா நிற்கும்? கட்டடத்தை இடிக்கலாம், தண்டவாளத்தைப் பெயர்க்கலாம். மலையின் விளிம்பை எவரும் மாற்ற முடியாது. பழைய படத்தில் நம்பத்தக்க சாட்சி அதுதான்.

அடுத்து ஏடுகளைப் புரட்டினோம். பெரியம்மாவின் தாத்தா சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது! 1902-ல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன்வரை ஒரு பாதை போட்டார்கள். அதற்கு ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரத்தில் பெரும் பகுதியைத் தண்டவாளத்தில் ஓடிய சிறு சக்கரங்கள் தாங்கின. பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் காத்தது. அதை இழுத்தவை மாடுகள். 1908-ல் அந்த ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடிப் பாதை போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். 'முதலில் மாடு, பிறகு நெருப்பு வண்டி.' வரிசைகூடப் பிசகவில்லை. மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியை இன்னும் நம்பாதவர்கள் டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்திற்குப் போகலாம். இதே முறையில் பாட்டியாலாவில் ஓடிய வண்டியை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் சேர்ந்ததும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டிகளில் போடிக்குப் போய், கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம் சேரும். 1924 ஜூலையில் மலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 ஆகையால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த வெள்ளத்தில் பாதை அழிந்தது. பிறகு எவரும் அதைக் கட்டவில்லை. பாதை போனது, அதில் உழைத்தவர்களின் பேச்சுக்கு இருந்த ஆதாரமும் அதோடு போனது.

மூன்றாவதாக நிலத்தைக் கேட்கச் சென்றோம். சென்ற மே மாதம் போடி வழியாக மூணாறு ஏறினோம். படத்திலிருந்த மலை விளிம்பை ஒரு மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டோம். பழைய பாதையைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சூத்திரம் சொல்கிறேன். மாட்டு வண்டி செங்குத்தாக ஏறும், சட்டென்று திரும்பும். ரயிலால் இரண்டும் ஆகாது. ஆகவே மலைச்சரிவில் காரணமின்றிச் சமமாக, மெதுவாக வளைந்து செல்லும் தடத்தைக் கண்டால் நின்று பாருங்கள். ஓடையருகே இருபுறமும் கல் கட்டுமானம் நின்று, நடுவில் பாலம் இல்லையென்றால் இறங்கிப் பாருங்கள். கம்பங்களையும் வேலித் தூண்களையும் பாருங்கள். பெயர்த்த தண்டவாளத்தை எவரும் வீணாக்குவதில்லை. நம் கிராமப் பள்ளிகளில் மணிக்குப் பதிலாகத் தொங்கிய இரும்புத் துண்டு வேறென்ன?

மூணாறில் அன்றைய ரயில் நிலையம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக மாறிவிட்டது. 'அலுமினியம் பாலம்' என்று சொல்லும் இடத்தில் ரயில் ஓடியது. எல்லாவற்றிலும் பெரிய மிச்சம் ஒரு பெயர். ரயிலே இல்லாத மலை உச்சிக்கு ஏன் 'டாப் ஸ்டேஷன்' என்று பெயர்? சுற்றுலா போகிறவர்கள் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்போம்? தண்டவாளம் போய் நூறாண்டு ஆகியும் பெயர் மட்டும் அந்த உச்சியில் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது.

கடைத்தெருவிலிருந்து சற்று விலகி ஓரிடத்தில் நின்று தாளை உயர்த்திப் பிடித்தோம். பென்சில் கோடும் மலை விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தின. எங்களில் எவரும் பேசவில்லை. எங்களோடு வந்திருந்த பெரியம்மாவின் பேரன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

திரும்பி வந்ததும் படத்தை அட்டையிலிருந்து தண்ணீர் நனைத்துப் பதமாகப் பிரித்தோம். பின்புறம் பென்சிலில் ஓர் எண் இருந்தது: 1919. ராஜபாளையம் வழியாக விருதுநகர்–தென்காசிப் பாதை திறந்ததே 1927-ல்தான்! முதல் நாளே படத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். நாமோ பசை போட்டு உண்மையின் வாயை அடைத்துவிட்டு, முன்பக்கத்தில் நமக்குப் பிடித்ததை எழுதினோம்.

அன்பர்களே, யோர்தான் நதியைக் கடந்த மக்கள் பன்னிரண்டு கற்களை நாட்டியது எதற்காக? பிற்காலப் பிள்ளைகள் 'இது என்ன?' என்று கேட்பதற்காக. ஆனால் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்; அவர் சொல்வதை நம்பவும் ஒருவர் வேண்டும். நம் வட்டாரத்திலிருந்து எத்தனையோ பேர் மூணாறு, இலங்கை, பர்மா என்று பிழைக்கப் போனார்கள். திரும்பி வந்து அவர்கள் சொன்னவற்றில் எத்தனையை நாம் கதையென்று தள்ளினோமோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

ஆகவே இந்தப் பொன்விழாவில் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டிற்குப் போனதும் பழைய படங்களை எடுத்துத் திருப்புங்கள். பின்புறம் பென்சிலால் லேசாக, யார், எந்த இடம், எந்த ஆண்டு, இதைச் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். பேனாவால் அழுத்தாதீர்கள்; அட்டையில் ஒட்டாதீர்கள். தெரியாததை எழுதாதீர்கள். வீட்டில் முதியவர் இருந்தால் இன்றே கேளுங்கள். அடுத்த விழாவுக்குள் அந்த நாற்காலி காலியாகிவிடலாம்.

இம்மலரில் அந்தப் படம் புதிய வாசகத்தோடு வந்திருக்கிறது: 'மூணாறு ரயில் நிலையம், 1919. வலமிருந்து மூன்றாவதாக நிற்பவர் நம் பங்குக் குடும்பம் ஒன்றின் முன்னோர். சிறுவயதில் மாடு இழுத்த ரயிலில் பணிபுரிந்தவர். இதைச் சொன்னவர் அவருடைய பேத்தி.'

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியம்மா, நான் சிரித்ததற்கு இந்தச் சபை முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன். இனி இந்த ஊரில் எவரேனும் உங்கள் வீட்டை 'மாட்டு ரயில்காரர் வீடு' என்று அழைத்தால், தலை நிமிர்ந்து "ஆமாம்" என்று சொல்லுங்கள்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.