அம்புக்குறிக்குள்ளே என்ன நடந்தது?

வெற்றிக்குத் துணை வேகமா, நிதானமா? எனக்கு முன்னாலே பேசின தம்பி, "இது லேசர் யுகம், வேகம்தான் ஜெயிக்கும்"னு மேசையைத் தட்டிட்டுப் போனார். அந்த லேசரையே நான் எங்க அணிக்குச் சாட்சியா கூப்பிடுறேன்! (கைதட்டல்)

பள்ளிக்கூடத்திலே வேதியியல் படிச்சோம். இடது பக்கம் பழைய பொருள், வலது பக்கம் புதுப் பொருள், நடுவிலே ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள்ளே என்ன நடக்குதுன்னு எந்த வாத்தியாராவது காட்டினாரா? எப்படி ஐயா காட்டுவார்? அங்கே நேரமே ஃபெம்டோ செகண்டு கணக்கு. ஒரு செகண்டைப் பத்துக் கோடி துண்டாக்கி, அதிலே ஒரு துண்டை மறுபடி ஒரு கோடி துண்டாக்கினா, அதுதான் ஒரு ஃபெம்டோ செகண்டு!

எகிப்திலே பிறந்த அகமது ஸெவைல், 1976-லே அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்திலே சேர்ந்தார். 1987-லேதான் அவருடைய குழு, அயோடின் சயனைடு மூலக்கூறு உடைந்து பிரிவதைப் படிப்படியாகப் பார்த்தது. சுமார் 200 ஃபெம்டோ செகண்டிலே பிரிவினை முடிஞ்சுது. நம்ம ஊர் பாகப்பிரிவினை மாதிரி கோர்ட்டுக்கு இழுக்கலே! (சிரிப்பு)

எப்படிப் பார்த்தாங்க? முதல் லேசர் துடிப்பு மூலக்கூறைத் தட்டிவிடும். இரண்டாவது துடிப்பு சற்றுத் தாமதமா வந்து, "இப்ப எந்த நிலையிலே இருக்கே?"ன்னு விசாரிக்கும். அந்தத் தாமதம் எப்படி வந்தது? ஒளி போகிற பாதையை இம்மியளவு நீட்டினாங்க. ஒளியையே காக்க வச்சாங்க, நடுவர் அவர்களே! ஒரு தாமதத்துக்கு ஒரு காட்சி. தாமதத்தை மாத்தி மாத்தி, திரும்பத் திரும்பச் செஞ்சு, காட்சிகளைப் பூமாலை மாதிரி கோத்தாங்க. 1999-லே நோபல் பரிசு வந்தது. மின்னினது லேசர், ஜெயிச்சது நிதானம்! (பலத்த கைதட்டல்)

நம்ம வீட்டுக்கு வருவோம். ஜூன் மாசம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலே விடுறோம். ஏப்ரல்லே மார்க் எவ்வளவுன்னு கேட்கிறோம். நடுவிலே உள்ள பத்து மாசம் நமக்கு வெறும் அம்புக்குறி! ஒருநாள் ரேங்க் கார்டைப் பார்த்து மகனைத் திட்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். "அப்பா, என் கணக்கு நோட்டை ஒருநாளாவது பிரிச்சுப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டான். பேனா அப்படியே நின்னு போச்சு. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கணக்கையும் மூணு தடவை அடிச்சு அடிச்சுப் போட்டிருந்தான்.

முடிவைப் பார்க்க ஒரு நொடி போதும். நடுவிலே நடக்கிறதைப் பார்க்க நிதானம் வேணும். தீர்ப்பையும் நிதானமா சொல்லுங்க ஐயா. (கைதட்டல்)